பழுதில்லை

மிஷ்கோல்ட்ஸ் ஊருக்கு வெளியே
தகரக் கூரைக் கட்டடம், நான்காம் மேசை.
வாரண்டியில் திரும்பி வரும் ஹார்ட் டிரைவ்கள்
முதலில் என்னிடம்தான் வரும்.
திருப்புளியின் முனையை அதன் முதுகில் வைத்து
பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பேன்.
கருவியும் இருக்கிறது, டெசிபல் காட்டும்.
கொறிப்பது வேறு முனகுவது வேறு என்று
அதற்குத் தெரியாது.

அக்டோபரில் ஒன்று வந்தது.
லியுப்லியானாவிலிருந்து
ஃப்ரான்ச்சிஷ்கா என்ற மொழிபெயர்ப்பாளர்.
கையால் எழுதிய கடிதமும் கூடவே:
"ஒரே அறை. கட்டிலுக்கும் கணினிக்கும் நடுவே
ஒரு நாற்காலிதான் போடலாம்.
இரவெல்லாம் யாரோ வேர்க்கடலை உடைக்கிறார்கள்.
நான் உறங்கி ஒன்பது நாளாயிற்று."

கேட்டேன்.
உடைக்கத்தான் செய்தது.
ஆனால் நல்ல வட்டு. கேட்டதைத் தேடி எடுக்க
பன்னிரண்டு மில்லி விநாடி.
வேலைக்காரர்கள் கதவைச் சாத்துகிற சத்தம் அது.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பழுது. பழுதில்லை.
பழுதில்லை என்று திருப்பி அனுப்பினால்
பத்தாவது இரவும் அவர் விழித்திருப்பார்.
அலமாரியிலிருந்து வேறொன்று அவருக்குப் போயிற்று.
அதுவும் யாரோ திருப்பியதுதான்;
லேபிளில் பச்சைக் கோடு என்றால் அர்த்தம் அதுதான்.

இதன் முள்ளை நான் அடக்கினேன்.
254 என்றிருந்த எண்ணை 128 ஆக்கினால் போதும்,
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
முள் நடக்கும்.
சத்தம் போயிற்று.
கூடவே ஐந்து மில்லி விநாடியும்.
வாயை மூடு என்றால்
கையையும் கட்டிக்கொள்கிற ரகம்.

பச்சைக் கோடு ஒட்டினேன்.
இயங்கிய மணிகள்: பூஜ்யம்.
இந்தப் பொய்யை மென்பொருளே சொல்லிவிடும்,
நான் வாய் திறக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் அதே வட்டு.
ஓரத்தில் நகம் கீறியதுபோல் ஒரு கோடு,
எனக்குத் தெரியாதா.
இம்முறை கோஷித்சே நகரம்,
கல்யாணப் படம் எடுக்கிற ராதொமீர்:
"மாற்று என்று அனுப்பியிருக்கிறீர்கள்.
மணப்பெண்ணைக் காட்டு என்றால்
இவர் யோசித்துவிட்டுக் காட்டுகிறார்.
என் பழையது சத்தம் போட்டது,
ஆனால் உயிரோடிருந்தது."

அடுத்த மேசை இபோல்யா சிரித்த சிரிப்பில்
காபி படிவத்தில் கொட்டியது.
நானும் சிரித்தேன்,
கொஞ்சம் குறைவாக.

வீட்டில் லோரின்ட்ஸ் இருக்கிறார்.
லாரி ஓட்டியவர். தொட்டதற்கெல்லாம் கத்துவார்,
கத்திக்கொண்டே குழாயைச் சரிசெய்வார்,
கத்திக்கொண்டே வெங்காயம் நறுக்குவார்.
கீழ்வீட்டு யொலான் துடைப்பக் கட்டையால்
எங்கள் தரையை இடிப்பாள்.
கோடையிலிருந்து மாத்திரை.
இப்போது யொலான் இடிப்பதில்லை.
உப்பு எங்கே என்று கேட்டால்
கேள்வி எங்கோ சுற்றிவிட்டு வருகிறது.
அதற்குள் நானே எடுத்திருப்பேன்.
"அமைதியாகிவிட்டார், நலம்தானே?" என்றார் மருத்துவர்,
பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு.
அவரிடமும் இரண்டுதான் இருந்தன.

அன்று ஷிஃப்ட் முடிந்தும் போகவில்லை.
நடுவே இருக்கிற எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.
இருநூறில் கடலை உடைந்தது.
நூற்றைம்பதில் முள் தூங்கி வழிந்தது.
நூற்று எழுபத்தாறில்
பக்கத்து அறையில் யாரோ
புத்தகம் புரட்டுகிற மாதிரி.
கையேட்டில் அந்த எண் இல்லை.
தைரியமாக விட்டுவிட்டேன்.
திமிஷ்வாராவுக்குப் போயிற்று, யாருக்கென்று பார்க்கவில்லை.

இரண்டு அக்டோபர் கடந்துவிட்டது.
ஒத்துப்போயிருக்கலாம்.
ரசீதைத் தொலைத்தவர் கையில்
செத்தும் போயிருக்கலாம்.
திரும்பி வராததை நலம் என்று எழுதிக்கொள்வது
எங்கள் பிரிவின் வழக்கம்.

லோரின்ட்ஸுக்கு இப்போது பாதி மாத்திரை.
மருத்துவர் முகம் சுளித்துத்தான் சம்மதித்தார்.
நேற்று குழாயைத் திட்டினார்,
பாதி வசவை விழுங்கி.
யொலான் கீழிருந்து
ஒரே ஒரு முறை தட்டினாள்.